எட்டுச் சீலையில் ஒரு கூடாரம்

“கலியாணம் யாருக்கு?”

சோதனைச் சாவடி மேசையில் என்னுடைய எட்டுச் சீலைகளும் விரிந்து கிடந்தன. அந்த இளம் சிப்பாய் ஒவ்வொன்றாகத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மூதூரில் இறங்கி, கட்டைபறிச்சானையும் தாண்டி, ஒரு குக்கிராமத்துக்கு ஆறு நாள் பயணம் போகிறவளுக்கு எட்டுச் சீலை எதற்கு? அவனுடைய இடத்தில் நான் நின்றிருந்தாலும் மறித்திருப்பேன்.

கலியாண வீட்டுக்குப் போகிறோம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பொய்தான். லோஞ்சுப் படகில் வரும்போதே யோசித்து வைத்த பொய். ஆனால் ஆருடைய கலியாணம் என்று யோசித்து வைக்க மறந்துவிட்டேன்.

“என்ர அவருக்கு” என்று வாயில் வந்துவிட்டது.

சிப்பாய்க்குத் தமிழ் அரைகுறை. இது மட்டும் அவனுக்கு நன்றாக விளங்கியது.

“நோனாட மாத்தயாவுக்குக் கலியாணம்? நோனா பாக்கப் போறது?”

நோனா என்றது என்னை, மாத்தயா என் கணவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை மறைக்கத்தான். அவன் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, பாவம் பார்த்து, சீலைகளைத் தானே மடிக்கத் தொடங்கினான். இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் சாவடியைத் தாண்டியிருப்போம். அதற்குள் என் மூத்தவள் சுகி, ஏழு வயது, முன்னால் வந்து நின்றாள்.

“அம்மா பொய் சொல்லுறா. கலியாணம் ஒண்டும் இல்லை. இதெல்லாத்தையும் பொருத்தித் தைச்சு அப்பாவிட்டை கூடாரம் அடிக்கப் போறம். கயிறு தம்பியின்ர காற்சட்டைக்குள்ளை இருக்கு.”

சின்னப் பிள்ளைகளோடு கூடாரமடித்துத் தங்கப் போகிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை இதுதான்: உண்மை பேசுகிற பிள்ளை இருந்தால் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

வசதியாக இருந்ததா?

போன கிழமை இந்தப் பத்தியில் என் தையல் மெஷினைப் பற்றி எழுதியபோது, அடுத்ததாக எங்கள் தெருக் கிணற்றுச் சண்டையைச் சொல்வதாக இருந்தேன். அது இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும். இடையில் கனடாவில் இருக்கிற என் தங்கச்சியின் மகள் ரெலிபோன் எடுத்துவிட்டாள். இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏதோ ஏரிக்கரையில் கூடாரமடித்து விடுமுறை கழிக்கப் போகிறாளாம். கொண்டுபோகிற சாமான்களை வாசித்துக் காட்டினாள். காற்றடிக்கிற மெத்தை, மடக்குக் கதிரை, பற்றரியில் சுற்றுகிற விசிறி, பிள்ளைகள் இருக்க மடக்குக் கக்கூஸ்.

“நீங்கள் எப்பவாவது இப்பிடிப் போயிருக்கிறீங்களோ பெரியம்மா?”

“ஓம், ஒருக்கா.”

“வசதியா இருந்ததோ?”

நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோய், “லைன் கிளியர் இல்லை” என்று வைத்துவிட்டாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

சண்டைக் காலம். என் கணவர் அப்போதிக்கரி. டொக்டர் இல்லாத இடங்களில் மருந்து கொடுக்கிற ஆள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவரை அந்தக் கிராமத்து மருந்தகத்துக்கு மாற்றியபோது சின்னவனுக்கு ஒரு வயது. மூன்று மாதத்தில் பதில் ஆள் வருவார் என்றார்கள். பதில் ஆள் வரவே இல்லை. இவர் அந்த இடத்தை விட்டு வந்தால் சுற்றியுள்ள சனத்துக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கவும் ஆளில்லை. வருகிறேன் வருகிறேன் என்று கடிதம் எழுதியபடியே இரண்டு வருஷம் போய்விட்டது.

இதற்கிடையில் சின்னவனுக்கு அப்பா என்பது ஒரு படம். அதை அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். “அப்பா எங்கை?” என்று ஆராவது கேட்டால் அலுமாரியைக் காட்டுவான். வந்த சனம் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளோடு சண்டை பிடிப்பேன்.

கடைசியாக வந்த கடிதத்தில் இவர் ஒரு வரி எழுதியிருந்தார்: “பெடியன் என்னைக் கண்டால் அப்பா எண்டு கூப்பிடுவானோ தெரியாது.” அன்றைக்கே முடிவெடுத்தேன். ஆவணிப் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது, அலுமாரியில் இருக்கிற மனுஷனைக் கீழே இறக்குவது. ஆமியிடம் ஆறு நாளைக்குத்தான் பாஸ் கிடைத்தது. ஆறு நாளுக்குள் அந்த ஒரு சொல் வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

எதைக் கட்டுவது, எதை விடுவது

இவர் இருந்த விடுதிக்குக் கூரை இல்லை. ஷெல் விழுந்து போனது. நோயாளிகள் இருக்கிற மருந்தகத்து மர வாங்கில்தான் இவர் படுக்கிறவர். ஆகவே கூடாரம்.

கூடாரத்துக்கு வேண்டியவற்றை ஒரு கடதாசியில் எழுதினேன். தறப்பாள், கயிறு, பற்றரி, மெழுகுதிரி, மண்ணெண்ணெய், நெருப்புப் பெட்டி. எழுதி முடித்துப் பார்த்தால், அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாதென்று வைத்திருந்த தடைப் பட்டியலைப் பார்த்துக் கொப்பியடித்த மாதிரி இருந்தது. ஒன்றுகூட விடாமல் எல்லாமே அதிலே இருந்தன.

ஒரு பெண்ணிடம் தடை செய்ய ஏலாத துணி எது? சீலைதான். உடுத்தது போக என்னிடமிருந்த எட்டையும் எடுத்தேன். ஏழு நைலெக்ஸ், ஒன்று என்னுடைய கலியாணக் கூறை.

எனக்கு இதில் அனுபவமே இல்லையென்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் நான் பெண் சாரணி. ஒருமுறை மூன்று நாள் பாசறை என்று எங்களைக் கூட்டினார்கள். மழை வரும்போல இருக்கிறதென்று எங்கள் ரீச்சர் கூடாரங்களைப் பள்ளி மண்டபத்துக்குள்ளேயே அடிக்க வைத்தா. மேலே மின்விசிறி சுற்றியது. தேத்தண்ணீர் கன்ரீனிலிருந்து வந்தது. காட்டில் வழி தவறினால் என்ன செய்வது என்ற பாடத்தை மேடையில் ஏறி நின்று படித்தோம். முடிச்சுப் போடுவதை மட்டும் ஒழுங்காகப் படித்தேன், அதற்கு ஒரு சின்னமும் தந்தார்கள்.

சாவடிக்கு வருகிறேன். சுகி காட்டிக் கொடுத்த பிறகு சிப்பாய் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். சீலை என்று எங்கேயும் இல்லை. சின்னவனின் காற்சட்டையிலிருந்து கயிற்றை இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது, சின்னவன் கூச்சம் தாங்காமல் கெக்கட்டம் விட்டுச் சிரித்தான், பக்கத்தில் நின்ற மற்றச் சிப்பாய்களும் சிரித்துவிட்டார்கள். கடைசியில், மூட்டைக்குள் நான் ஒளித்து வைத்திருந்த மெழுகுதிரியையும் பற்றரியையும் வைத்துக்கொண்டு, தடைப் பட்டியலில் இருந்த கயிற்றை மட்டும் திருப்பித் தந்தான்.

“மகள் நல்லம்” என்றான் என்னைப் பார்த்து. “பொய் சொல்றது இல்லை.”

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கயிறு கட்டாயம். வறுத்த அரிசிமா கட்டாயம், அது இருந்தால் எங்கேயும் பிட்டு அவிக்கலாம். மாசிச் சம்பல் ஒரு போத்தல், ஒரு கிழமைக்குக் கெடாது. ஒரு மண்வெட்டி, எதற்கென்று சொல்லத் தேவையில்லை, கிணற்றுக்குத் தூரமாக வெட்டினால் போதும். மடக்குக் கதிரையை வீட்டிலேயே விடுங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிற தாய்க்கு இருக்க நேரம் வராது.

இடம் பார்ப்பது

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இவர் மருந்தக வாசலில் நின்றார். மெலிந்து, தாடியும் வைத்து, அந்த வெள்ளைக் கோட்டுக்குள் ஆள் எங்கேயென்று தேட வேண்டியிருந்தது. சுகி ஓடிப்போய்த் தொங்கிக்கொண்டாள். சின்னவன் என் சீலைத் தலைப்புக்குள் புகுந்துவிட்டான்.

“இது ஆரம்மா?”

நான் வாயைத் திறக்க முதல் பூமணி அக்கா முந்திவிட்டா. மருந்தகத்தைக் கூட்டித் துடைத்து, இவருக்குச் சோறும் சமைத்துக் கொடுக்கிற மனுஷி. நல்ல மனுஷி, ஆனால் மற்றவனுக்குக் கதைக்க இடம் கொடுக்காது.

“தம்பி, இவர்தான் எங்கட அப்போதிக்கரி ஐயா. கும்பிடு.”

சின்னவன் கும்பிட்டான். “வணக்கம் ஐயா” என்றும் சொன்னான். வளர்ப்பு நல்ல வளர்ப்புத்தான்.

இவர் சிரித்தபடி அவன் தலையைத் தொடப் பார்த்தார். கோட்டில் அடித்த ஸ்பிரிற் மணத்துக்கு அவன் இரண்டடி பின்னுக்குப் போய்விட்டான். ஊசி போடுகிற ஆள் என்று கண்டுபிடித்துவிட்டான்.

கூடாரத்துக்கு இடம் தேடும்போது நல்ல காட்சி தெரிகிற இடமாகப் பாருங்கள் என்று கனடாக்காரி வாங்கி வைத்திருக்கிற கூடாரப் புத்தகத்தில் இருக்கிறதாம். நடந்து போனால் கொட்டியாரக்குடாக் கடல். என்ன வடிவான காட்சி. கடலில் நிற்கிற நேவிக்காரனுக்கு நாங்களும் வடிவான காட்சியாக இருப்போம் என்பதால் அதை விட்டுவிட்டு, விடுதிச் சுவரோடு நின்ற வேம்பின் கீழே அடித்தோம். அங்கிருந்து நாலடியில், ஷெல் வந்தால் பதுங்குகிற பங்கரின் வாசல். வசதி என்றால் அதுதான் வசதி. எங்கள் நாட்டில் கூடாரம் அடிக்கிறவன் முதலில் பங்கரைத்தான் பார்ப்பான், பிறகுதான் நிழலை.

நுளம்புக்கு வேப்பிலைப் புகை. மலேரியாவுக்கு முன்கூட்டியே ஆளுக்கொரு குளோரோக்குயின் குளிசை. விடுமுறையின் முதல் விருந்து அந்தக் கசப்புக் குளிசைதான். அதையும் இவரே கொடுத்தார். சின்னவனின் மனதில் இவருடைய பெயர் இன்னும் ஒரு படி கீழே போனது.

கச்சான் செய்த வேலை

ஆவணியில் எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும் என்பதை நான் மறந்துவிட்டேன். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள் மறக்கக்கூடிய விஷயமா? மறந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் காற்று வந்து கூடாரத்தை ஒருதரம் ஊதிப் பார்த்தது. சாரணி முடிச்சுகள் ஏழு நைலெக்ஸையும் பிடித்துக்கொண்டன. கூறை மட்டும் தையலைப் பிரித்துக்கொண்டு எழும்பி, மருந்தகத்துக்கு மேலாகப் போய், பக்கத்து வளவுப் பனையின் உச்சியில் மாட்டிக்கொண்டது. கடும் சிவப்புக் கூறை. ஊர் முழுக்கத் தெரிந்தது.

இப்போது ஊராரின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். ஐயாவின் மனைவி பட்டணத்திலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கிறா. வளவில் கலர் கலராகச் சீலைப் பந்தல். பனையில் கூறை பறக்கிறது. இதை விடுமுறைக்கு அடித்த கூடாரம் என்று ஆர் நினைப்பார்கள்?

அடுத்த நாள் விடிய வந்துவிட்டார்கள். நெல்லு, முட்டை, தேங்காய், காலைக் கட்டிய ஒரு சேவல். முன்னுக்குப் பூமணி அக்கா.

“எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் ஐயா பிள்ளைக்குக் காது குத்தப் பாத்திருக்கிறார்” என்றா. “ஊர்ப் பிள்ளையள் எல்லாருக்கும் குத்தின கை. சொந்தப் பிள்ளைக்குக் களவாக் குத்துறதோ?”

அந்த ஊரில் காது குத்துவதும் இவர்தானாம், அதே ஊசியால். இதைக் கேட்ட சின்னவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பங்கருக்குள் இறங்கினான். மத்தியானம் வரையும் ஏறவில்லை.

இவர் என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்: “இஞ்சரும், என்னத்தையாவது சொல்லிச் சமாளியும். காது குத்தினால் அவன் இந்தப் பிறப்பிலை என்னட்டை வரமாட்டான்.”

கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லவும் ஏலாது. கனகாலமாக ஒரு நல்லது பார்க்காத சனம், ஆசையோடு வந்து நிற்கிறது.

“காதுகுத்து இல்லை அக்கா. இண்டைக்கு எங்கட கலியாண நாள்” என்றேன். அன்றைக்கு இல்லை. அதற்கு இன்னும் ஐந்து மாதம் கிடந்தது.

“கலியாணத்துக்கு வருஷா வருஷம் நாள் வருமோ?” என்று கேட்டா பூமணி அக்கா.

“பட்டணத்திலை வரும்.”

அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேரையும் சீலைப் பந்தலுக்குள் இருத்தி, செவ்வரத்தம் பூ மாலை போட்டு, பாலும் பழமும் தீத்திவிட்டார்கள். தாடியோடு மாப்பிள்ளை, புகை மணக்க மணக்கப் பொம்பிளை. சொன்னால் வெட்கம், எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. முதல் கலியாணத்தில் இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறை பார்த்தார்.

“அப்ப அம்மா அந்த ஆமிக்காரனிட்டைப் பொய் சொல்லேல்லை” என்றாள் சுகி.

சனம் போன பிறகு இவர் பங்கர் வாசலில் குந்தி இருந்து கூப்பிட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: “ஐயா போனாப் பிறகு வாறன்.”

இவர் எழும்பி வந்து மாலையைக் கழற்றி வைத்தார். “மூண்டு நாள் போயிட்டுது” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆர் மேலே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அகப்பட்டது சேவல். “இந்தச் சனியனை அவிட்டு விடுங்கோ” என்று கத்தினேன்.

வரிசையில் ஒரு நோயாளி

பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டாமல் பார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. நாலாம் நாள் சின்னவன் தானே ஒரு வேலை கண்டுபிடித்தான்.

மருந்தகத்துக்குள் அழுதுகொண்டு போகிற பிள்ளைகள் எல்லாம் எதையோ சூப்பிக்கொண்டு வெளியே வருவதை அவன் பங்கர் வாசலில் இருந்து கவனித்திருக்கிறான். விற்றமின் சி குளிசை. செம்மஞ்சள் நிறம், இனிப்பும் புளிப்பும். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், நோயாளிகளின் வரிசையில் ஒரு கிழவருக்கும் ஒரு கர்ப்பிணிக்கும் நடுவில் என் மகன் நிற்கிறான். ஒரு கையால் காதைப் பொத்தியபடி.

நான் யன்னலடியில் போய் நின்றேன். அவனுடைய முறை வந்தது. இவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஒரு கணம் பேனையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எடுத்து, மற்றவர்களுக்குப் போலவே துண்டில் எழுதத் தொடங்கினார்.

“உங்களுக்கு என்ன செய்யுது?”

“இருமல்.” இருமியும் காட்டினான்.

“பேர்?”

சொன்னான்.

“அப்பாவின்ர பேர்?”

அதையும் முழுதாக, தலைப்பெழுத்தோடு சொன்னான். நான் சொல்லிக் கொடுத்து வைத்தது.

“அப்பா எங்கை இருக்கிறார்?”

“வீட்டிலை. அலுமாரிக்கு மேலை.”

இவர் எழும்பிப் பின்னறைக்குப் போனார். மருந்து எடுக்கப் போவதுபோல. குளிசைப் போத்தல் மேசையிலேயே இருந்தது. வரிசையில் நின்ற கிழவர் என்னைப் பார்த்தார், நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன். படத்தைக் காட்டி இவர்தான் அப்பா என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்தானே. நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

இவர் முகம் கழுவிக்கொண்டு வந்து அவனுக்கு இரண்டு குளிசை கொடுத்தார். “நாளைக்கும் வந்து காட்ட வேணும்” என்றார்.

அடுத்த நாள் கால் நோ என்று வந்தான். நொண்டிய கால் ஒன்று, காட்டிய கால் மற்றது. இவர் இரண்டையும் தடவிப் பார்த்து, முழங்காலில் ஒரு பிளாஸ்ரர் ஒட்டினார். அன்றைக்கே பின்னேரம் வயிற்று நோ. அதற்கு மடியில் இருத்தி, நெஞ்சுச் சத்தம் பார்க்கிற குழாயைக் காதில் வைத்து, அவனுடைய வயிற்றின் சத்தத்தை அவனுக்கே கேட்க விட்டார். கூடாரத்துக்கு ஓடிவந்து, “அம்மா, ஐயாவுக்கு என்னிலை நல்ல விருப்பம்” என்றான்.

சுகிக்குப் பொறுக்கவில்லை. “விசரா, அது ஐயா இல்லை, அப்பா” என்றாள். அவன் கனநேரம் மருந்தகத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்டும் காணாதவள்போல அடுப்பை ஊதினேன்.

ஆறாம் நாள்

கூடாரத்தைப் பிரிப்பது சுகம். கத்தரிக்கோல் போதும். பனையில் ஏறி ஆரோ எடுத்துத் தந்த கூறை இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அதையும் சேர்த்து மடித்துக் கட்டினேன்.

இவர் மருந்தகத்தை ஒரு மணித்தியாலம் பூட்டிவிட்டு, மூட்டையைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். சோதனைச் சாவடிக்கு முன்னால் ஒரு திருப்பம். அதற்கு அங்கால் பாஸ் இல்லாமல் இவர் வர ஏலாது.

சுகி இவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இவர் அவளுடைய தலையைத் தடவியபடி அவள் தலைக்கு மேலாகச் சின்னவனைப் பார்த்தார். நான் அவனுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. “சொல்லு, சொல்லு” என்று வாய் வரையும் வந்தது, கடித்துக்கொண்டேன். என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியமென்று.

சின்னவன் தானாகவே போய் இவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தான்.

“அப்பா.”

இவர் சைக்கிளை விட்டுவிட்டார். அது மூட்டையோடு சரிந்து விழுந்தது. ஆரும் தூக்கவில்லை. இவர் அவனுக்கு முன்னால் குந்தினார்.

“அப்பா, நீங்களும் ஒருநாளைக்கு எங்கட வீட்டை வாங்கோ.”

வந்து போகிற ஆட்களை நான் வாசலில் நின்று அனுப்புகிற அதே விதமாகச் சொன்னான். நான் ஆறு நாள் காத்திருந்த சொல் வந்துவிட்டது. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. திரும்பி நின்று மூக்கைச் சிந்தினேன்.

“கட்டாயம் வாறன் ராசா” என்று இவர் சொல்வது கேட்டது. “வழி தெரியாதே. எப்பிடி வாறது?”

“லோஞ்சிலை வந்து இறங்குங்கோ. நேரை நடவுங்கோ. பிள்ளையார் கோயில் வரும். அதுக்குப் பக்கத்திலை நீலக் கேற்.”

அந்தக் கேற்றுக்கு நீலம் அடித்தவரே இவர்தான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாய் நிக்குமோ?”

“நிக்கும். குலைக்கும்” என்றான் சின்னவன். “பயப்பிடாதேங்கோ அப்பா. நான் பிடிச்சுக்கொள்ளுறன்.”